ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வரலாறு: தொடக்க ஆண்டும் பழைய மாணவர் பட்டியலும்

கேள்வி இதுதான்: தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. கையில் இருக்கும் மிகப் பழைய சேர்க்கைப் பதிவேடு 1951இல் தொடங்குகிறது. ஊர்ப் பெரியவர்களோ அதற்கு முந்தியே பள்ளிக்கூடம் நடந்தது என்கிறார்கள். அடிக்கல் காணோம். விழா எடுக்கவும் பழைய மாணவர் பட்டியலோடு ஒரு நூல் போடவும் விரும்புகிறார்கள். எந்த ஆண்டைத் தொடக்கம் என்று போடுவது? பட்டியலை எப்படித் தொகுப்பது?

முதல் கேள்விக்குப் பதில்: ஒரே ஆண்டைத் தேடாதீர்கள். கிராமப் பள்ளிக்குப் பெரும்பாலும் மூன்று தொடக்கங்கள் உண்டு. யாரோ ஒருவர் திண்ணையிலோ சத்திரத்திலோ பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த காலம் ஒன்று. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ கிடைத்த ஆண்டு இரண்டாவது. இப்போதைய இடத்தில் கட்டடம் எழும்பிய ஆண்டு மூன்றாவது. பெரியவர்கள் சொல்வது முதலாவதை, பதிவேடு சொல்வது இரண்டாவதை, சுவரில் பதித்த கல் சொல்வது மூன்றாவதை. மூன்றும் சரிதான். நூலில் மூன்றையும் தனித்தனியே போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன என்று எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை. உங்கள் 1951 என்பது இப்போதைக்கு "கிடைத்த பதிவேட்டின் தொடக்கம்" மட்டுமே. அந்தப் பதிவேட்டின் முதல் வரியில் சேர்க்கை எண் 1 என்று இருக்கிறதா, 214 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 214 என்றால் அதற்கு முன்னால் ஒரு பதிவேடு இருந்து தொலைந்திருக்கிறது. 1 என்று இருந்தால் முதல் நாள் சேர்ந்தவர்களின் வகுப்பைப் பாருங்கள். ஒரே நாளில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் சேர்ந்திருந்தால் ஏற்கெனவே நடந்த பள்ளி கைமாறியிருக்கிறது, அல்லது பழைய பதிவேட்டை மூடிப் புதிதாக எண் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒன்றாம் வகுப்பு என்றால் அது புதுப் பள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அங்கீகாரத்துக்கு முந்திய காலத்தை எழுதும்போது பலர் இடறுகிறார்கள். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்த அந்தக் கணக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்கிறது. இதை எடுத்துப்போட்டு "எங்கள் ஊர்ப் பள்ளியும் அதில் ஒன்று" என்று எழுதக் கூடாது. அது மாவட்டவாரியான தொகை. அதை வைத்து உங்கள் ஊரில் பள்ளி இருந்தது என்று நிறுவ முடியாது.

பள்ளியை ஊரார் எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் நிற்கும் பழைய பெயர் பல சமயம் ஆவணத்தைவிடத் தெளிவாக வழிகாட்டும். "போர்டு ஸ்கூல்" என்றால் 1884ஆம் ஆண்டு உள்ளாட்சி வாரியச் சட்டத்தின் கீழ் வந்த தாலுகா போர்டு அல்லது ஜில்லா போர்டு நடத்தியது. தாலுகா போர்டுகள் 1934இல் கலைந்தன. "தாலுகா போர்டு பள்ளிக்கூடம்" என்று ஒரு மூதாட்டி தன் தகப்பனார் சொன்னதாகச் சொன்னால் அது 1934க்கு முந்தியது என்று ஓரளவு நம்பலாம். "லேபர் ஸ்கூல்" என்பது 1920களிலிருந்து தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளில் திறந்த பள்ளி, இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் என்றால் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்கென அரசு திறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளியாக இருக்கலாம், அதற்கு நிர்வாகமே தனி. "மிஷன் பள்ளிக்கூடம்" என்றால் எந்த மிஷன் என்று கேட்டாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் டி.டி.டி.ஏ. (சி.எஸ்.ஐ. திருமண்டல) பள்ளிகளுக்கும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளிகளுக்கும் ஆவணங்கள் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளிகள் 1958ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு, 1960களின் தொடக்கத்தில், ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். இந்த மாற்றங்களின்போது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன கோப்புகளில் பல போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் எந்த நிர்வாகம் எந்த ஆண்டு வரை என்பதை முதலில் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். எந்த அலுவலகக் கதவைத் தட்டுவது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

கட்டடத்தைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று கல்லில் உள்ள ஆண்டு. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "சர்வதாரி" என்று மட்டும் இருந்தால் அது 1888-89, 1948-49, 2008-09 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) என்றால் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1358 என்பது 1948 ஜூலை முதல் 1949 ஜூன் வரை. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் கொல்லம் ஆண்டு இருக்கும், அதற்கு 824 அல்லது மாதத்தைப் பொறுத்து 825 கூட்ட வேண்டும். தமிழ் எண்கள் இருந்தால் க ஒன்று, எ ஏழு, அ எட்டு போலத் தெரியும். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூடியிருக்கும் கல்லைச் சுரண்டாதீர்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதோ, இருட்டில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தோ படம் எடுத்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

இரண்டாவது ஓடு. ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சீமை ஓட்டைப் புரட்டிப் பார்த்து, "1865" என்று கண்டதும் கட்டடமே 1865 என்று எழுதிவிடுகிறார்கள். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. கம்பெனிகள் தங்கள் தொடக்க ஆண்டை முத்திரையோடு சேர்த்துப் பல ஆண்டுகள் அச்சிட்டு வந்தன. மேலும், ஓடு மாற்றக்கூடியது. உத்தரமும் சுவரும்தான் கட்டடத்தின் வயதுக்கு நெருக்கமானவை. கூரை மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. உங்கள் பள்ளியில் ஒரு வகுப்பு 2004-05 வாக்கில் மரத்தடிக்கோ கோயில் மண்டபத்துக்கோ மாறியதாகச் சொன்னால் இதை மனத்தில் வையுங்கள். சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை ஓடுகிறதா? அது 2007இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் அடையாளம். பிள்ளைகள் தாங்களே எழுதிப் பழக வைத்தது. வெள்ளையடிக்கும்போது முதலில் அழிவது இதுதான், இப்போதே படம் எடுத்துவிடுங்கள்.

நிலம் யார் கொடுத்தது என்பது ஊரில் எப்போதும் கொதிக்கும் விஷயம். வாய்ச்சொல்லை அச்சில் ஏற்றாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'ஏ' பதிவேட்டில் (ஊரின் நிலக் கணக்கு) பள்ளியின் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், புலப்படத்தையும் வாங்குங்கள். தானப் பத்திரம் பதிவானதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். வில்லங்கச் சான்று மிகப் பழைய ஆண்டுகளுக்கு இணையத்தில் கிடைக்காமல் போகலாம் என்பதால் அவற்றுக்கு நேரில் விண்ணப்பித்து, ஆண்டுகளைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டும். புறம்போக்கில் கட்டிய பள்ளிக்குத் தானப் பத்திரமே இருக்காது. அப்படியானால் "இன்னார் தானம்" என்ற பேச்சு நிலத்தைப் பற்றியதா, கட்டட மரத்தையும் கல்லையும் பற்றியதா என்று கேளுங்கள். நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நாற்காலி, மேசை, கடிகாரம், சீருடை என்று கொடுத்தார்கள். அந்தப் பொருள்கள் தளவாடச் சாமான் பதிவேட்டில் கொடுத்தவர் பெயரோடு ஏறியிருக்க வாய்ப்புண்டு.

இனி சேர்க்கைப் பதிவேடு. வரலாற்றின் முதுகெலும்பே இதுதான், ஆகவே இதில் அவசரம் வேண்டாம். இது நிரந்தர ஆவணம், பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் விண்ணப்பித்து, தலைமையாசிரியர் முன்னிலையில், விடுமுறை நாளில் பள்ளியிலேயே படம் எடுங்கள். ஆண்டுக்குச் சராசரி 30 பிள்ளைகள் என்றால் 70 ஆண்டுக்கு 2,100 வரிகள். விரித்த பக்கத்துக்கு 25 வரி என்று வைத்தால் 84 படங்கள்தான், ஒரு நாள் வேலை. ஒருவர் பக்கம் புரட்ட, ஒருவர் படம் எடுக்க வேண்டும். சன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். கைப்பேசியைப் பக்கத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. ராமபாணப் பூச்சி அரித்த பக்கத்தின் அடியில் ஒரு அட்டையைக் கொடுத்துத் தூக்கிப் புரட்டுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதிக் "காப்பாற்றுவது" பதிவேட்டையே செல்லாததாக்கும் காரியம். படம் எடுத்ததும் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். கோப்புப் பெயரில் பதிவேட்டு எண்ணும் பக்க எண்ணும் இருக்கட்டும்.

கணினியில் ஏற்றும்போது பெயருக்கு இரண்டு பத்தி (நெடுவரிசை) வையுங்கள். ஒன்றில் பதிவேட்டில் உள்ளது உள்ளபடி, எழுத்துப் பிழை உட்பட. இன்னொன்றில் இப்போது வழங்கும் வடிவம். "கருப்பு" என்று சேர்ந்த பிள்ளை பிறகு கருப்பையா ஆகியிருப்பார். தலைப்பெழுத்து "சு." என்பது மேல்நிலைப் பள்ளியில் "எஸ்." ஆகும். அங்கே சண்முகத்தின் மகனும் சுப்பையாவின் மகனும் ஒரே எழுத்துக்குள் போய்விடுவார்கள். எனவே தகப்பனார் பெயர் முழுதாக, தெருப் பெயரோடு வேண்டும். சேர்ந்த நாள், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், விலகிய வகுப்பு, காரணம், பக்க எண், இவ்வளவும் தனித்தனிப் பத்தி. மணிக்கு 40 வரி என்றால் 2,100 வரிக்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூவர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

தவறு நேரும் இடங்களைச் சொல்கிறேன். பதிவேடு மாறும்போது சேர்க்கை எண் மறுபடி 1இல் தொடங்கலாம், நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தபோதும் அப்படி நடக்கும். வெறும் சேர்க்கை எண்ணை அடையாளமாக வைத்தால் இருவர் ஒருவராகிவிடுவார்கள். மாறாக, நின்றுவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைக்குப் புது எண் கொடுத்திருப்பார்கள், அப்போது ஒருவர் இருவராகிவிடுவார். ஆகவே மொத்தச் சேர்க்கை எண்ணிக்கையை "இத்தனை மாணவர்கள் படித்தார்கள்" என்று போடக் கூடாது. பதிவேட்டில் பெயர் இருந்தும் வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் வராத பிள்ளைகளும் இருக்கக்கூடும். ஆசிரியர் பணியிடத்தைக் காக்க எண்ணிக்கை காட்டிய காலங்கள் உண்டு. வருகைப் பதிவேடு கிடைக்கிற ஆண்டுகளுக்கு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பிறந்த தேதியை நம்பாதீர்கள். ஒரு பக்கத்தில் பாதிப் பேருக்கு மே, ஜூன் மாதம் என்று இருந்தால் அது வாத்தியார் போட்ட தேதி. பள்ளி ஜூனில் திறக்கும், ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், தாய்க்கோ "ஐப்பசி மழையில் பிறந்தவன்" என்பதுதான் தெரியும். அதனால் கணக்குக்கு ஒத்துவரும் ஒரு தேதி எழுதப்பட்டது. சேர்ந்த நாள் அப்படியல்ல, அது பெரும்பாலும் சரியானது. விஜயதசமி நாளில் மொத்தமாகச் சேர்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

"முன்பு படித்த பள்ளி", "விலகிய காரணம்" என்ற இரு பத்திகளில்தான் ஊரின் கதை இருக்கிறது. இலங்கையிலோ பர்மாவிலோ ஒரு ஊர் பெயர் முன்பு படித்த பள்ளியாக இருந்தால், அந்தக் குடும்பம் ஏன் திரும்பி வந்தது என்பதை ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களா, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களா? விலகிய காரணத்தில் "நீண்ட நாள் வரவில்லை, பெயர் நீக்கம்" என்று அடுத்தடுத்து வந்தால் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அது பஞ்ச காலமா, குடும்பங்கள் பிழைக்கப் போன காலமா என்று ஊரில் விசாரியுங்கள். 1953 ஜூன் முதல் 1954 மே வரை ராஜாஜி அரசின் மாற்றுக் கல்வித் திட்டம், எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயரிட்டது, கிராமப் பள்ளிகளில் நேரத்தைப் பாதியாக்கி முறை வைத்தது. உங்கள் பதிவேடு 1951இல் தொடங்குவதால் அந்த ஓராண்டில் சேர்க்கையும் விலகலும் எப்படி மாறின என்று எண்ணிப் பார்க்க முடியும். ஒரு சின்னப் பள்ளியின் கணக்கே பெரிய வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்கும் இடம் அது, விட்டுவிடாதீர்கள்.

யார் பழைய மாணவர்? ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய் அதிகாரி ஆனவர்களை மட்டும் படத்தோடு போடும் நூல்கள் ஏராளம். பதிவேட்டைப் புரட்டினால் இரண்டாம், மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கவும் தம்பியைத் தூக்கிக்கொள்ளவும் நின்றவர்கள் பக்கம் பக்கமாக இருப்பார்கள். அவர்களும் அந்தப் பள்ளியின் மாணவர்களே. பட்டியலில் ஒருவர் விடாமல், சேர்ந்த ஆண்டு வரிசையில், பட்டமும் பதவியும் இல்லாமல் பெயர் வரட்டும். சிறப்புப் பக்கங்கள் வேண்டுமானால் தனியே இருக்கட்டும். பெண்கள் விஷயத்தில் கூடுதல் உழைப்பு தேவை. வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவர்களுக்குத் தலைப்பெழுத்தும் மாறியிருக்கும், ஊர்க் கூட்டத்துக்கும் அழைப்பு போகாது. பிறந்த வீட்டு அண்ணன் தம்பியிடம் பட்டியலைக் காட்டி, எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தை, ஆடி மாதங்களில் பிறந்த வீட்டுக்கு வருவார்கள், அப்போது பேட்டி எடுக்கலாம்.

சாதிப் பத்தியைப் பெயரோடு அச்சிடவே கூடாது. பிறந்த தேதியும் வேண்டாம். ஆனால் எண்ணிக்கையை மறைக்கவும் வேண்டாம். முதல் இருபது ஆண்டுகளில் காலனியிலிருந்து ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை என்று பதிவேடு காட்டினால், அந்தப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள், படித்தார்களா என்று தேடி எழுத வேண்டும். பக்கத்திலேயே ஒரு லேபர் ஸ்கூல் இருந்திருக்கலாம். இரண்டு பள்ளிக்கும் சேர்த்து எழுதினால்தான் அது ஊர்ப் பள்ளி வரலாறு.

1951க்கு முந்திய பதிவேடு கிடைக்காவிட்டால் சுற்றி வாருங்கள். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில், அந்தக் காலத்து முதல் பாரத்தில் (இன்றைய ஆறாம் வகுப்பு) சேர்ந்தவர்களின் "முன்பு படித்த பள்ளி" பத்தியில் உங்கள் ஊர் எப்போது முதல் வருகிறது என்று பாருங்கள். மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டைகள், வீடுகளில் தகரப்பெட்டியில் கிடக்கும் பதிவுத்தாள்கள், ஆசிரியர் குடும்பங்களில் உள்ள பணிப்பதிவேட்டு நகல்கள், இவை ஒவ்வொன்றும் ஒரு ஆண்டைப் பின்னுக்குத் தள்ளும். ஆய்வாளர் வந்து எழுதிப்போகும் பார்வைப் புத்தகம் ஒன்று கிடைத்தால் அதைப் பொன்போல் வையுங்கள். அன்றைய ஆசிரியர் எத்தனை பேர், வந்திருந்த பிள்ளைகள் எத்தனை, கூரை ஒழுகியதா என்பது வரை அதில் இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவது கடைசியில்தான். மாகாணக் கல்வித் துறை ஆண்டறிக்கைகளில் தொகைகள்தான் அதிகம், ஊர்ப் பெயரைத் தேடி நாள் கணக்கில் உட்காராதீர்கள். நிர்வாகம், ஆண்டு இரண்டும் தெரிந்த பிறகு அரசாணை தேடப் போனால் கிடைக்க வழியுண்டு. மாவட்ட மக்கள்தொகைக் கையேடுகளின் ஊர்ப் பட்டியலில் எந்த ஊரில் பள்ளி உண்டு என்ற குறிப்பு வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பேட்டியில் "உங்கள் பள்ளி அனுபவம் சொல்லுங்கள்" என்றால் எல்லோரும் ஒரே வாழ்த்துரையைத்தான் சொல்வார்கள். பொருளைக் கேளுங்கள். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்? கேர் (அமெரிக்க உதவி நிறுவனம்) பால்பவுடர், கோதுமை அல்லது சோள உப்புமா என்றால் 1961க்குப் பிறகு, 1982க்கு முன். தினமும் சூடான சோறும் சாம்பாரும் என்றால் 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுக் காலம். முட்டை போட்டார்கள் என்றால் 1989க்குப் பிறகு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன் என்றால் அது காலத்தைச் சொல்லாது, வீட்டைச் சொல்லும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது (1964 டிசம்பர்) எந்த வகுப்பு, காமராசர் இறந்தபோது (1975 அக்டோபர்) எந்த வாத்தியார், இப்படிக் கேட்டால் ஆண்டு தானாக வரும். ஒரே வயதுடைய இருவரைப் பள்ளித் திண்ணையில் சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். மணி எங்கே தொங்கியது, தண்ணீர்ப் பானை எங்கே, யார் யார் அதில் மொண்டு குடிக்கலாம், யார் குடிக்கக் கூடாது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எல்லோர் முன்னிலும் பதில் வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

குழுப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பெரிதாக அச்செடுத்து, அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்து முகங்களின் வெளிக்கோட்டை வரைந்து எண் போடுங்கள். நான்கு பேரிடமாவது தனித்தனியே காட்டுங்கள். மூவர் ஒத்துச் சொன்ன பெயரை மட்டும் போடுங்கள், மற்றதற்கு எண்ணை மட்டும் விடுங்கள். மூலப் படத்தின் பின்பக்கம் பேனா படக் கூடாது, பென்சில் மட்டும்.

அச்சுக்குப் போகும்போது பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக, 64 அல்லது 80 என்று, இருந்தால் தாள் வீணாகாது. பெயர்ப் பட்டியலை அச்சுக்கு ஒரு மாதம் முன்பே பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்டி, விட்டுப்போன பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். திருத்தம் கட்டாயம் வரும், அதற்கு நாள் வையுங்கள். பதிவேட்டுப் படங்களையும் கணினிப் பட்டியலையும் இரண்டு பென்டிரைவில் போட்டு ஒன்றைத் தலைமையாசிரியரிடமும் மற்றொன்றை வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். நூலில் இரண்டு படியை மாவட்ட மைய நூலகத்துக்கும், ஒன்றைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.